மறுகா

எண்பத்து மூன்றாவது ஆள் பூபாலபிள்ளை,
வயது ஐம்பத்தெட்டு, பித்தப்பையில் கல்.
செங்கலடி அரிசி ஆலையில் மூட்டை எண்ணுகிறவர்.
சம்மதப் படிவத்தின் மூன்று பக்கத்தையும்
பக்கத்துக் கட்டிற்காரரின் கண்ணாடியைக் கடன் வாங்கிப்
படித்துவிட்டுக் கேட்டார்:
"ரெண்டு மருந்தில எது எனக்கு?"
தெரியாது என்றேன்.
ஒட்டிய உறைக்குள் இருக்கிறது, திறப்பவர் வேறு ஆள்,
எனக்குத் தெரிந்தால் ஆய்வு கெட்டுவிடும்.
"அப்ப நீங்களும் என்னப் போலதான்"
என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

நாங்கள் தேடுவது சின்ன விசயம்.
வாயுவை நிறுத்தியதிலிருந்து முதற் சொல் வரை
எத்தனை நிமிடம். நடுக்கம் உண்டா, குமட்டல் உண்டா.
வலி, பூச்சியத்துக்கும் பத்துக்கும் நடுவில் எங்கே.
அந்தச் சொல் என்ன என்றொரு கட்டத்தை
நான்தான் சேர்த்தேன்.
நெறிமுறைக் குழு ஏனென்று கேட்டது.
ஏதோ சொல்லித் தப்பினேன்.

காத்தான்குடி றஹ்மத்தும்மா "அடுப்பு" என்றார்.
மகாஓயாப் பையன், "அம்மே."
நாவலடி மீன்காரர் இறாலின் விலை சொன்னார்,
போன வருடத்து விலை.
பதினேழு பேர், "மறுகா?"

கொழும்பிலிருந்து புள்ளிவிபரக்காரர் எடுத்தார்:
அதென்ன சொல்?
பிறகு, என்றேன். அப்புறம்.
போதவில்லை.
கதை சொல்பவர் மூச்சு வாங்கும் இடத்தில்
கேட்பவர் சொல்வது, என்றேன்.
"மற்றவை என்று போடுங்கள். குறியீடு ஒன்பது."

மருந்து ஏறும்போது எண்ணச் சொல்வோம்.
பூபாலபிள்ளை ஒன்று சொல்வதில்லை,
அவர் தொழிலில் முதல் மூட்டைக்குப் பெயர் லாபம்.
"லாபம்," என்றார் விளக்கைப் பார்த்து.
"ரெண்டு."
பிறகு இமையை விரலால் தொட்டேன். அசையவில்லை.

நாற்பதாவது நிமிடம் மின்சாரம் போனது.
மார்கழி மழை.
ஜெனரேற்றர் இருமிவிட்டு நின்றது,
சுவாச இயந்திரத்தின் பழைய பற்றரி
கூவிவிட்டுப் படுத்தது.
சத்திரசிகிச்சை நிபுணரின் கைகள்
வயிற்றுக்குள் இருந்தபடியே இருந்தன.
யாரோ கைபேசி வெளிச்சம் பிடித்தார்கள்.
பையை எடுத்து அழுத்தினேன்.
லாபம். விட்டேன்.
ரெண்டு. விட்டேன்.
எனக்கு அந்த வழக்கமே இல்லை,
அவர் வாயில் நின்றது என் வாய்க்கு
எந்த வழியால் வந்ததோ.
தாதி வதனா ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.
பத்தொன்பதில் விளக்கு வந்தது.
படிவத்தில் இதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினேன்: மின்தடை, கைச்சுவாசம், 19.

வாயு நிறுத்தம் 11.52.
முதற் சொல் 12.03.
குழாய் கழன்ற தொண்டையில்
தவிடு ஒட்டிய குரல்:

"மூணு."

சிரித்தேனா தெரியாது, முகக்கவசம் இருந்தது.
அவருடைய ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில்
என் பத்தொன்பது கிடக்கிறது,
அவர் கணக்கில் ஒரு மூட்டை கூடவும் இல்லை
குறையவும் இல்லை.

பின்னேரம் விடுதியில் வலி எத்தனை என்றேன்.
"எண்ணுறதுக்கா, தூக்குறதுக்கா?"
இரண்டும் சொல்லுங்கள்.
"சும்மா கிடந்தா மூணு. இருமினா ஏழு."
ஓய்வில், அசைவில் என்று இரண்டு நிரல்
முதல் நாளே போட்டிருக்க வேண்டும்.
எண்பத்திரண்டு பேரிடம் அரைக் கேள்வி கேட்டிருக்கிறேன்.

முப்பதாம் நாள் தொலைபேசியில் எடுத்தேன்,
படிவத்தின் கடைசிப் பக்கத்துக்காக.
பின்னால் ஆலை இரைகிறது,
ஒருவன் லொறிக்கு மேலிருந்து கத்துகிறான்.
"டொக்டரா? எண்ணிக்கொண்டு நிக்கன்.
மறுகா எடுங்க."

வேலைக்குத் திரும்பினாரா:
ஆம் என்ற இடத்தில் புள்ளடி போட்டேன்.
காயம், பசி, நித்திரை
மூன்றும் வெறுமையாகக் கிடக்கின்றன.
நாலரைக்கு லொறி போய்விடும்.